லினக்ஸ் நிர்வாகம்: கட்டளைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு எங்கே தொடங்குவது?

காசிமேட்டைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவர் பி.காம். படித்தவர், மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில், உள்ளே வரும் வண்டிகளையும் வெளியே போகும் வண்டிகளையும் கணினியில் பதியும் வேலை பார்க்கிறார். அந்தப் பதிவு மென்பொருள் உபுண்டு 18.04 நிறுவப்பட்ட ஒரு சர்வரில் ஓடுகிறது. அதைக் கவனித்துவந்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, ‘கம்ப்யூட்டர் தெரிந்த பையன்’ என்று பொறுப்பு முழுவதும் இவர் தலையில் விழுந்துவிட்டது. மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து இருநூறு கட்டளைகளை மனப்பாடம் செய்திருக்கிறார். போன மாதம் ஒரு காலையில் மென்பொருள் புதிய பதிவு எதையும் ஏற்காமல், வட்டில் இடமில்லை என்ற செய்தியோடு நின்றுவிட்டது. 40 ஜிபி அளவுள்ள ஒரு லாக் கோப்பை (மென்பொருள் தன் நடப்புகளை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பு) தேடிப்பிடித்து அழித்தும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. கேட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, கடைசியில் சர்வரை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. ‘எதனால் சரியானது என்றே தெரியவில்லை. இதை அடிப்படையிலிருந்து கற்க எங்கே தொடங்க வேண்டும்? வணிகவியல் படித்தவனுக்கு இது வருமா? சான்றிதழ் தேவையா?’ என்று கேட்கிறார். பள்ளியில் படித்தபோது அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி, 4 ஜிபி நினைவகத்தோடு வீட்டில் சும்மா கிடக்கிறதாம்.

தம்பி, எல்லாம் சரியான பிறகும் ‘எதனால் சரியானது’ என்று உங்கள் மனம் உறுத்தியதே, இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் இந்தத் தொழிலைச் செய்துவருகிறேன். கட்டளைகளின் விருப்பங்களை (ஆப்ஷன்களை) இன்றும் மேன் பக்கம் என்ற கையேட்டைத் திறந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். மனத்தில் தங்க வேண்டியவை இரண்டு: கணினிக்குள் எது எதைச் சார்ந்து நிற்கிறது என்ற தெளிவு, கோளாறு வந்தால் கை வைப்பதற்கு முன் கணினி என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம். கட்டளைகள் இவற்றின் பின்னால் தாமாக வந்து சேரும். (கட்டளைப் பெயர்களைத் தமிழில் ஒலிக்கும்படி எழுதுகிறேன், நீங்கள் முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறு.)

உங்கள் அலுவலகத்தில் அன்று காலை நடந்ததையே முதல் பாடமாக எடுத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. ஒரு கோப்பின் தரவு வட்டில் எங்கெங்கே இருக்கிறது, அதன் உரிமையாளர் யார், அளவு என்ன, அனுமதி என்ன என்பவற்றைக் குறித்துவைத்திருக்கும் சிறு பதிவுக்கு ஐநோட் என்று பெயர். அடைவு (ஃபோல்டர்) என்பது, இந்தப் பெயருக்கு இந்த ஐநோட் எண் என்று எழுதிவைத்த பட்டியல். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை அந்தப் பட்டியலிலிருந்து பெயரை மட்டுமே அடிக்கிறது. அந்த ஐநோடுக்குப் பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை, அதைத் திறந்துவைத்திருக்கும் நிரலும் எதுவுமில்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அந்த இடத்தை விடுவிக்கும். உங்கள் மென்பொருளோ அந்த லாக் கோப்பைத் திறந்தபடியே வைத்திருந்தது. வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை நீங்கள் கழற்றினீர்கள். உள்ளே குடியிருந்தவர் காலி செய்யவில்லை. சர்வரை அணைத்தபோது மென்பொருள் நின்றது, கோப்பு மூடப்பட்டது, 40 ஜிபியும் விடுபட்டது. நடந்தது இவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை ஒரு பி.காம். பட்டதாரிக்குப் புதிதன்று. டிஎஃப் கட்டளை, கோப்பு முறைமையிடமே கேட்டு, எவ்வளவு இடம் செலவாகியிருக்கிறது என்று சொல்கிறது. டியூ கட்டளை, அடைவுகளுக்குள் இறங்கி, பெயருள்ள கோப்புகளின் அளவுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்கிறது. ரொக்க ஏட்டுக்கும் வங்கியின் செல்லேட்டுக்கும் இருப்பு ஒத்துப்போகாவிட்டால் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவீர்கள் அல்லவா, அதே வேலைதான் இங்கும். டிஎஃப் சொல்லும் தொகை டியூ சொல்லும் தொகையைவிட 40 ஜிபி அதிகமாக இருந்தால், பெயரில்லாத கோப்பு ஒன்றை ஏதோ ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த நிரல் எது என்பதை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டும். திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலில், பெயர் அழிக்கப்பட்டவற்றின் அருகே ‘டெலீட்டட்’ என்று குறித்திருக்கும். பிறகு அந்த ஒரு சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் போதும். மொத்த சர்வரையும் அணைக்கத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் கோப்பை ஆர்எம் கொண்டு அழிப்பதைவிட, ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைச் சுழியாக்குவது பெரும்பாலும் நல்லது. பெயரும் ஐநோடும் அப்படியே இருக்க, உள்ளடக்கம் மட்டும் காலியாகும். வருங்காலத்துக்கு லாக்ரொடேட் என்ற கருவி இருக்கிறது: நாள்தோறும் அல்லது குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் லாக் கோப்பை ஒதுக்கிச் சுருக்கி, பழையவற்றை நீக்கிவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு லாக் கோப்பு 40 ஜிபி வளர்ந்தது நோயின் அறிகுறியே தவிர, நோயன்று. மென்பொருள் ஏதோ ஒரு வரியைத் திரும்பத் திரும்ப, இலட்சக்கணக்கான முறை எழுதியிருக்க வேண்டும். டெய்ல் கட்டளையால் கடைசி ஆயிரம் வரியை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு அழித்திருந்தால், அது என்ன வரி என்று தெரிந்திருக்கும்: தரவுத்தளத்தோடு இணைப்பு அறுந்ததா, கடவுச்சொல் காலாவதியானதா, எடைமேடைக் கருவி பதில் சொல்லவில்லையா என்று காரணம் வெளிப்பட்டிருக்கும். அவசரத்தில் நாம் அழித்துவிடுவது பல நேரங்களில் சாட்சியைத்தான். அதே வரி இப்போதும் மறுபடி எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால், இன்றே அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள்.

வட்டு நிறைவதைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. டிஎஃப் கட்டளைக்கு ஐ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் ஐநோட் கணக்கைக் காட்டும். இடம் தாராளமாக இருந்தும் ‘இடமில்லை’ என்று வந்தால், கோடிக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்து ஐநோடுகள் தீர்ந்திருக்கலாம். மற்றொன்று, எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இயல்பாகவே 5 விழுக்காட்டு இடத்தை ரூட் என்ற முழு அதிகாரப் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கிறது. பொதுப் பயனருக்கு வட்டு நிறைந்த நிலையிலும் நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்ய முடிவது அதனால்தான்.

இனி, அக்காவின் மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில், டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை (டிஸ்ட்ரோ) அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. அக்காவிடம் கேட்டு, அவருடைய புகைப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறிடத்தில் வைத்துவிட்டு, அதில் உபுண்டு சர்வர் பதிப்பை நிறுவுங்கள். வரைகலைத் திரை வேண்டாம். திரை இல்லாதபோதுதான் கை பழகும், 4 ஜிபி நினைவகமும் அதற்குத் தாராளம். அலுவலகத்தில் உபுண்டு இருப்பதால் வீட்டிலும் அதையே வையுங்கள். எந்த வெளியீடு சிறந்தது என்ற வாக்குவாதத்தில் ஒரு மாலையைக்கூடச் செலவிடாதீர்கள். டெபியனோ ராக்கி லினக்ஸோ பின்னாளில் எதிர்ப்பட்டால், பெரும்பாலும் மென்பொருள் நிறுவும் கட்டளையோ சில கோப்புகளின் இடமோதான் மாறியிருக்கும்.

ஒரு முறை நிறுவினால் போதாது. முதல் முறை, நிறுவும் மென்பொருள் சொல்லும்படியே போங்கள். இரண்டாம் முறை வட்டை நீங்களே பகுதி பிரியுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுங்கள். எட்சி அடைவில் எஃப்எஸ்டேப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. எந்த வட்டுப் பகுதியை எந்த அடைவில் பொருத்துவது என்பதை அதில் வரிவரியாக எழுதியிருப்பார்கள். அதில் இல்லாத வட்டு ஒன்றைக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்துவிட்டு, கணினியைத் துவக்கிப் பாருங்கள். ஒன்றரை நிமிடம் காத்துக் கிடந்துவிட்டு, அவசரநிலை என்று சொல்லி நின்றுவிடும். அப்போது உபுண்டு உள்ள பென் டிரைவிலிருந்து துவக்கி, உள்வட்டைப் பொருத்தி, அந்த வரியை நீக்கி மீட்டெடுங்கள். இதை வீட்டில் மூன்று முறை செய்தவருக்கு, அலுவலகத்தில் ஒரு நாள் அது நிகழும்போது கை நடுங்காது. கோப்பைத் திருத்தியதும், மறுதுவக்கம் செய்வதற்கு முன்பே மவுன்ட் கட்டளையை ஏ என்ற விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்திருந்தால் பிழை அங்கேயே தெரிந்திருக்கும் என்பதையும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற வட்டுக்கு ‘நோஃபெய்ல்’ என்று குறிக்கலாம் என்பதையும் அந்த மூன்று முறைக்குள் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

வணிகவியல் படித்தவருக்கு இது வருமா என்று கேட்டீர்கள். இந்த இயங்குதளத்தின் அமைப்புகள் பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கின்றன. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் மரபு அது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், அதே மரபில் கட்டற்ற கருவிகளை எழுதியது; 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் கெர்னலைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் லினக்ஸ் என்கிறோம். ஆகவே நிர்வாகம் என்பது பெரும்பகுதி படிப்பதும், ஒரு வரியைக் கவனமாகத் திருத்துவதும், திருத்தியதைக் குறித்துவைப்பதும்தான். வவுச்சர் இல்லாமல் பதிவு போடக் கூடாது என்று உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். அந்த ஒழுக்கம் பொறியியல் படித்துவந்த பலரிடம் இல்லாததை நான் பார்த்திருக்கிறேன். நோட்டு ஒன்று போட்டு, தேதி, எந்தக் கோப்பு, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, ஏன் என்று ஐந்து கட்டமாக எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் கோப்பை நகலெடுங்கள்.

அனுமதிகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கற்பவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் அது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் படிப்பது 4, எழுதுவது 2, இயக்குவது 1. கூட்டிப் போட்டால் 644 என்பது, உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், ஏனையோர் படிக்க மட்டும் செய்யலாம் என்று பொருள். இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். அடைவுக்கு வரும்போது பொருள் மாறுகிறது என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அடைவில் ‘படிப்பது’ என்றால் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது. ‘எழுதுவது’ என்றால் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும். ‘இயக்குவது’ என்றால் அதன் வழியாகக் கடந்துபோவது. உங்கள் யார்டில் மூன்றாம் வரிசையில் நிற்கும் பெட்டியைத் திறக்கச் சாவி இருந்தாலும், மெயின் கேட்டில் விடாவிட்டால் பெட்டி வரை போக முடியாதல்லவா? கோப்புக்கு 644 கொடுத்தும் வெப் சர்வர் ‘அனுமதியில்லை’ என்று சொன்னால், மேலே உள்ள ஏதோ ஒரு அடைவில் கடந்துபோகும் அனுமதி இல்லை என்று முதலில் பாருங்கள். நேம்ஐ என்ற கட்டளையை எல் என்ற விருப்பத்தோடு கொடுத்தால், ரூட் அடைவிலிருந்து அந்தக் கோப்பு வரை ஒவ்வொரு கேட்டிலும் யாருக்கு என்ன அனுமதி என்று வரிசையாகக் காட்டிவிடும்.

முன்பு சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கோப்பை அழிப்பது என்பது அடைவின் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதுதானே? ஆகையால் ஒரு கோப்பை அழிக்க, அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி தேவையில்லை. அடைவில் எழுதும் அனுமதியும் கடந்துபோகும் அனுமதியும் இருந்தால் போதும். படிக்க மட்டும் என்று பூட்டிவைத்த கோப்பை இன்னொருவர் அழித்துவிட்டாரே என்று பலர் குழம்புவது இதனால்தான். எல்லாரும் எழுதும் டெம்ப் அடைவில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காதிருக்க, ஸ்டிக்கி பிட் என்ற தனிக் குறி இருக்கிறது.

உங்கள் பயிற்சிக் குறிப்பில், ‘அனுமதிச் சிக்கல் வந்தால் 777 கொடுக்கவும்’ என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். 777 என்பது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று கதவைக் கழற்றி வைப்பது. அதனால் வேலையும் கெடும்: உங்கள் ஹோம் அடைவுக்கு 777 கொடுத்தால், மற்றவர் சாவியை மாற்றிவைக்க இடமிருக்கிறது என்று கருதி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை உங்கள் சாவிக் கோப்பை ஏற்க மறுக்கும், நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளை இட உதவும் சூடோவின் அமைப்புக் கோப்புக்கு எல்லாரும் எழுதும் அனுமதி இருந்தால் சூடோ இயங்கவே மறுக்கும். சாவிகள் இருக்கும் அடைவுக்கு 700, தனிச்சாவிக்கு 600 என்று வையுங்கள். சிக்கல் வரும்போது கேட்க வேண்டியது, இந்தச் சேவை எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது, அந்தப் பயனருக்கு எந்த அடைவில் என்ன தேவை என்பதே. பிஎஸ் கட்டளை முதற்கேள்விக்கு விடை சொல்லும். இரண்டாம் கேள்விக்கு நீங்கள் யோசிக்க வேண்டும்.

சேவைகளைக் கவனிக்க சிஸ்டம்சிடிஎல், ஜர்னல்சிடிஎல் என்ற இரண்டும் போதும். ‘ஸ்டார்ட்’ இப்போது தொடங்கும். ‘எனேபிள்’ அடுத்த முறை கணினி துவங்கும்போது தானே தொடங்கும்படி குறித்துவைக்கும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை மறப்பவர்களுக்கு, நள்ளிரவில் மின்சாரம் போய் வந்த மறுநாள் காலையில்தான் அது தெரியவரும். நம் பக்கத்தில் மின்தடைக்குப் பஞ்சமில்லை. யூபிஎஸ் பேட்டரி தீர்வதற்குள் சர்வர் முறையாக அணையும்படி செய்துவைப்பதும் உங்கள் வேலையில் சேர்ந்தது. ஜர்னல்சிடிஎல் கட்டளைக்குச் சேவையின் பெயரைக் கொடுத்தால் அதன் பதிவுகளை மட்டும் காட்டும். பதிவுகள் வட்டில் சேமிக்கப்பட்டிருந்தால், முந்தைய துவக்கத்தின் பதிவையும் காட்டச் சொல்லலாம். பிழைச் செய்தி முப்பது வரி வந்தால் கடைசி வரியை மட்டும் படிக்காதீர்கள். பெரும்பாலும் முதல் பிழைதான் காரணம், மற்றவை அதன் விளைவுகள்.

எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து வேலை செய்யும்போது, அதன் அமைப்பைத் திருத்தினால் திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். எஸ்எஸ்எச்டி நிரலைச் சோதனை விருப்பத்தோடு ஓட்டி எழுத்துப்பிழை பார்த்து, சேவையைப் புதுப்பித்து, இரண்டாவது இணைப்பு ஒன்று தனியே வருகிறதா என்று பார்த்த பிறகே முதல் இணைப்பை விடுங்கள். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு மணலி சர்வரைப் பூட்டிவிட்டு, இரவு பத்து மணிக்கு வண்டியெடுத்து ஓடுவதை இது தடுக்கும். வலையமைப்பைப் பொறுத்தவரை இப்போதைக்கு ஐபி முகவரி, கேட்வே (வெளி வலையமைப்புக்குப் போகும் வழி), டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை), எந்தத் துறை எண்ணில் (போர்ட்) எந்தச் சேவை கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நான்கும் தெரிந்தால் போதும். டிஎன்எஸ் நீங்கலாக மற்றவற்றை ஐபி, எஸ்எஸ் என்ற இரு கட்டளைகள் காட்டும்.

உபுண்டுவின் எண் அது வெளிவந்த ஆண்டும் மாதமும் ஆகும், 18.04 என்றால் 2018 ஏப்ரல். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 5 ஆண்டுகள் வரும். ஆகவே உங்கள் சர்வருக்கு அவை 2023-இலேயே நின்றுவிட்டன. அதற்காக நாளையே மேம்படுத்தும் கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். 18.04-இலிருந்து 20.04, அதிலிருந்து 22.04 என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். ஒவ்வொரு படியிலும் உங்கள் மென்பொருளுக்கு வேண்டிய நூலகங்கள் மாறும். வேறொரு கணினியில் 24.04 நிறுவி, மென்பொருள் அதில் ஓடுகிறதா என்று பார்த்து, தரவை மாற்றுவதே பாதுகாப்பான வழி. அதுவரை அந்த சர்வரை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைக்க வேண்டாம்.

பேக்கப் பற்றிச் சொல்லும்போது, நானே செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். எண்ணூர் பக்கம் ஒரு லாரி அலுவலகத்துக்கு நான் சர்வர் அமைத்துக் கொடுத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கருவி) வழியாக ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி ஓடி, அன்றைய தரவை வெளிவட்டு ஒன்றில் எழுதிவைக்கும். ஓராண்டாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்த வெளிவட்டு, சர்வர் இருந்த அதே மேசையில் இருந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தளத்தில் இருந்த அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்து நாங்கள் உள்ளே போனபோது, மேசை புரண்டு, சர்வரும் வெளிவட்டும் சேற்றுக்குள் அருகருகே கிடந்தன. வெளிவட்டை எடுத்துச் சாய்த்தேன். அதன் யூஎஸ்பி துளையிலிருந்து கறுத்த நீர் ஒழுகியது. அந்த அலுவலகத்தைக் காப்பாற்றியது நான் அமைத்த எதுவுமன்று. கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர், தம் மன நிம்மதிக்காக, சனிக்கிழமைதோறும் தரவுத்தளத்தின் நகலை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பெரம்பூரில் உள்ள தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். அந்த பென் டிரைவில் இருந்து எல்லாவற்றையும் மீட்டோம். அதற்குப் பின் பதிந்தவற்றை மட்டும் ரசீதுகளைப் பார்த்து மறுபடி ஏற்றினோம்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரிலோ வேறு இடத்திலோ என்ற விதியை நான் அதற்கு முன்பே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லியும் அந்த அலுவலகத்தில் செய்யாமல் விட்டேன். நீங்கள் விடாதீர்கள், வடசென்னையில் தரைத்தளத்து சர்வர் என்றால் ‘வேறு இடம்’ என்பதை முதலில் எழுதுங்கள். இரண்டு நுட்பக் குறிப்புகளும் உண்டு. ஆர்சிங்க் கட்டளையை டெலீட் விருப்பத்தோடு ஓட்டினால், மூலத்தில் தவறுதலாக அழித்ததை நகலிலும் அழித்துவிடும். ஆகவே தேதி வாரியாகத் தனித்தனி நகல்கள் வேண்டும், ஓட்டுவதற்கு முன் என் என்ற விருப்பத்தோடு ஒத்திகை பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதிய நிலையில் நகல் கிடைத்து, மீட்கும்போது திறக்காமல் போகலாம். அதற்கென்று உள்ள மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவியால் எடுக்க வேண்டும்.

சான்றிதழ் வேலை தேடும்போது உதவும். கற்பதற்கு அது தேவையில்லை. வாங்குவதானால், செய்முறைத் தேர்வாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது கிடையாது. ஓடும் கணினியில் வேலையைச் செய்துகாட்ட வேண்டும், கணினியை மறுதுவக்கம் செய்த பின்னும் அது நிலைத்திருக்க வேண்டும். மேலே சொன்னபடி கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்து ஓராண்டு பழகியவருக்கு அந்தத் தேர்வு கடினமாக இராது. மறுபடி ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன், தமிழில் கணியம் தளத்தில் உள்ள லினக்ஸ் கட்டுரைகளைப் படியுங்கள், சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களில் கலந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் கட்டணமில்லை. கேள்வி கேட்கும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், கணினி சொன்ன செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன என்ற மூன்றையும் சொல்லுங்கள். அதை எழுதி முடிப்பதற்குள் பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கே விடை கிடைத்துவிடும்.

நாளை காலை அலுவலகம் போனதும், லாக் கோப்பின் அளவைப் பார்த்த பிறகு, முன்பிருந்தவர் தரவுத்தளத்தின் பேக்கப்பை எங்கே வைத்தார் என்று தேடுங்கள். கிரான் பட்டியலில் ஏதாவது வரி இருக்கும். இல்லையென்றால் பேக்கப்பே இல்லை என்று கொண்டு அன்றே ஒன்று எடுத்துவிடுங்கள். கோப்பு கிடைத்தால், முதலாளியின் அனுமதியோடு அதை அக்காவின் மடிக்கணினியில் மீட்டு, முந்தின நாள் கடைசியாக கேட்டைத் தாண்டிய லாரியின் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.